கம்பவுண்டரை நீங்களே நிறுத்தினீர்கள்

அத்தை,

நேற்று பீரோவின் மேல்தட்டில் கம்பளிப் போர்வையைத் தேடும்போது உங்கள் ஹெட்ஃபோன் கையில் தட்டுப்பட்டது. வயரைச் சுற்றி, பழைய தலையணை உறைக்குள் போட்டு, நானேதான் அங்கே வைத்திருக்க வேண்டும். எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. காதில் படும் பஞ்சு உரிந்து கறுப்புத் தூளாக விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனேன். நீலகிரித் தைலம். நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டு, கையைத் துடைக்காமல் அப்படியே ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வருடத் திதியும் கொடுத்தாகிவிட்டது. புடவைகளை உங்கள் நாத்தனார் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. இந்த வாசனை மட்டும் போகாமல் இருந்திருக்கிறது.

அடுப்பில் வேலை கிடந்தது. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு நான் பேசி முடிக்காத ஒரு பேச்சு இருக்கிறது. ஒரு முறை ஆரம்பித்தேன். நீங்கள் பேசவிடவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் மருமகளாக வந்தபோது நீங்கள் இன்னும் வேலையில் இருந்தீர்கள். கிராம சுகாதார நர்ஸ். தேவிகாபுரம் பக்கத்து ஊர்களெல்லாம் உங்கள் கைக்குள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவீர்கள். வழியில் எந்தத் தெருவில் போனாலும் யாராவது ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவருவாள். நீங்கள் நலம் விசாரிக்க மாட்டீர்கள். "இரும்புச் சத்து மாத்திர முழுங்கினியா, குப்பையில போட்டியா?" என்றுதான் முதல் கேள்வி. திட்டு வாங்கியவர்கள்தான் உங்களை அதிகம் தேடினார்கள் என்பது எனக்கு அப்போது புரியாத விஷயம்.

எனக்கும் குறைவில்லாமல் கிடைத்தது. ரசத்தில் உப்பு கூடினால் திட்டு. துணியை மடிக்காமல் கொடியிலேயே விட்டால் திட்டு. வெம்பாக்கத்தில் இருக்கும் என் அம்மாவிடம் ஃபோனில் மெதுவாக அழுதிருக்கிறேன். அம்மா, "திட்டற மாமியாளோட இருந்துடலாம்டி, திட்டாத மாமியாளோடதான் இருக்க முடியாது" என்றாள். நான் அதை ஒரு சமாதானப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊரார் கண்ணுக்கெல்லாம் சொட்டு மருந்து விட்ட நீங்கள் உங்கள் கண்ணைக் கவனிக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் இன்னொன்றும் மங்கியது. "வெளிச்சம் தெரியுது, ஆளுதான் தெரியல" என்று ஏதோ பஸ் தாமதம் போலச் சொன்னீர்கள். உங்கள் மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருந்து சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நீங்களும் நானும்.

உங்களுக்குக் கண் போனதில் பெரிய வலி பேப்பர் படிக்க முடியாமல் போனதுதான். டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படிக்கிற ஆள். காலையில் நான் படித்துக் காட்டுவேன். குக்கர் ஒரு பக்கம், குழாயில் தண்ணீர் ஒரு பக்கம். தலைப்பைப் படித்துவிட்டு எழுந்து ஓடுவேன். "சோத்தக் காட்டிட்டுத் தட்ட எடுக்கிற மாதிரி கீது உன் பேப்பர் படிப்பு" என்றீர்கள் ஒரு நாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

அப்போது நான் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்கு டிசைன் போட ஆரம்பித்திருந்தேன். பார்டர், முந்தானை, உடலில் வரும் புட்டாப் பூக்கள் எல்லாவற்றையும் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறியின் மேல் இழைகளைத் தூக்கி இறக்கிப் பூப்போடும் மின்னணு ஜக்கார்டு பெட்டி அதைப் படித்துக்கொள்ளும். உங்கள் மகன் பழையதாக வாங்கித் தந்த கணினி அது. முன்பு அதில் இருந்த சிஸ்டம் ஆமை போல ஊர்ந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து நானே லினக்ஸ் போட்டேன். பழைய மிஷினுக்கு அது போதும் என்றார்கள். போட்ட பிறகு ஒரு நாள் ஏதோ கீயைத் தவறுதலாக அழுத்தியபோது, திரையில் இருப்பதை ஒரு ஆண் குரல் உரக்க வாசிக்கத் தொடங்கியது. நான் பதறி எழுந்துவிட்டேன். நீங்கள் சமையலறையிலிருந்து, "யாரும்மா வந்துகினு கீறாங்க?" என்றீர்கள்.

அதுதான் திரைவாசிப்பான். கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. தமிழும் வாசிக்கும் என்று தேடித் தெரிந்துகொண்டேன். தமிழ் என்றால் இழுவையும் ஏற்ற இறக்கமும் இல்லாத, மூக்கால் பேசுகிற தமிழ். நீங்கள் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "எங்க ஆஸ்பத்திரி பழைய கம்பவுண்டர் இப்பிடித்தான் மருந்துச் சீட்டு படிப்பாரு. செத்தவன் பேரும் சரி, பொழச்சவன் பேரும் சரி, ஒரே ராகம்." அன்றிலிருந்து அந்தக் குரலுக்குப் பெயர் கம்பவுண்டர்.

கணினியை ஆன் செய்ததும் எதெல்லாம் தானாகத் திறக்க வேண்டும் என்று சொல்லிவைக்க அதில் ஓர் இடம் இருக்கிறது. மெனுவில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்று இருக்கும். திறந்தால் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்ன ஸ்விட்ச். அதில் உங்களுக்கென்று மூன்றைச் சேர்த்தேன். முதலில் கம்பவுண்டர். அவன் எழுந்து தொண்டையைச் செருமிய பிறகு தமிழ்ப் பேப்பர் வரும் பக்கம். அதற்கும் கொஞ்சம் கழித்துக் காலைக் கூட்டம். எது எத்தனை நொடி பொறுத்து வர வேண்டும் என்றும் அதிலேயே சொல்லலாம். முதலில் அது தெரியாமல் மூன்றையும் ஒன்றாக விட்டேன். போளூர் பஸ் வந்து நின்றதும் எல்லாரும் ஒரே படியில் ஏறப் பார்ப்பது போல முட்டிக்கொண்டு மிஷினே நின்றுபோனது.

காலைக் கூட்டம் என்பது உங்களைப் போலப் பார்வை போனவர்கள் இணையத்தில் குரலால் கூடும் இடம். வெம்பாக்கத்து ஏழுமலை சார்தான் அதற்குத் தலை; தன் கணினி வாசிப்பதைக் கேட்டு எல்லாருக்கும் நியூஸ் சொல்பவரும் அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், என் அம்மா வீட்டுத் தெருவில் கடை வைத்திருப்பவர் என்பதால் எனக்குத் தெரியும். அவரைக் கேட்டு உங்களைச் சேர்த்தேன். முதல் நாளே அங்கே ஒரு குரல், "இது எங்க நர்ஸம்மா ஆச்சே" என்றது. தேவிகாபுரம் சரோஜா. அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டவர் நீங்கள். சர்க்கரையில் அவளுக்கும் கண் போயிருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரித்ததில் ஏழுமலை சார் பலமுறை, "அம்மா, நியூஸ் படிக்கணும், கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டி வந்தது.

நான் காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். நீங்கள் நாற்காலியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை தாமே வரும். ஒரு நாள் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தபோது சொன்னீர்கள்: "யாரையும் கேக்க வேணாம் பாரு கலை. அதான் இதுல விசேஷம்."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்த வார்த்தையை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு ஆர்டர் கூடியது. ஆரணியில் கல்யாண சீசனுக்குத் தறி நிற்கக் கூடாது. டிசைன் வராமல் தறி நின்றால் நெய்பவருக்கும் கேடு, தறிக்காரருக்கும் கேடு. காலையில் மிஷினில் உட்கார வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. உங்கள் மூன்றும் எழுந்து முடிக்கும்வரை என் டிசைன் நிரலைத் திறக்க முடியாது. திறந்தால் கட்டம் நகராது, வரைந்த கோடு சற்று நேரம் கழித்துத்தான் தெரியும். நீங்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு உங்களைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினேன்.

ஆடி மாதம் ஒரு காலை, தறிக்காரர் ஃபோன் செய்தார். "இன்னாம்மா, பாவு ஏத்திட்டு ஆளு சும்மா குந்திகினு கீறான், டிசைன் இன்னும் வரல." நான் கூடத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்: "மிஷின் ஸ்லோவா கீதுங்க. ஆன் பண்ணா எங்க மாமியாரோடது எல்லாம் மொதல்ல ஓடுது. அது முடிஞ்சாத்தான் என்னுது. தெனம் இதே பேஜாரா கீது, இன்னா பண்றது."

மெதுவாகத்தான் சொன்னேன். கண் போனவர்களுக்குக் காது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அடுத்த வாரம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்காக நான் செய்யாறு போயிருந்தேன். திரும்பி வந்த மறுநாள் காலையில் ஸ்விட்சைப் போட்டேன். மிஷின் சத்தமில்லாமல் எழுந்தது. கம்பவுண்டர் பேசவில்லை. பேப்பர் வரவில்லை. கூட்டமும் வரவில்லை. நான் வந்து பார்த்துவிட்டு, "ஏதோ அப்டேட்ல போயிருக்கும் போல, பாக்கறேன் அத்தை" என்றேன்.

"வுடும்மா. எனக்கே சலிச்சிப்போச்சி. தெனமும் அதே பேச்சி, அதே நியூஸ். கம்பவுண்டர் கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும்."

"நெஜமாவா அத்தை?"

"நெஜமாத்தான். நீ ஜல்தியா உன் வேலயப் பாரு."

நான் உட்கார்ந்தேன். டிசைன் நிரல் உடனே திறந்தது. கட்டம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அன்றைக்கு மதியத்துக்குள் ஒரு முந்தானை முடிந்தது. அத்தை, எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. வாழ்நாளெல்லாம் ஊர்ப் பேச்சோடு வாழ்ந்த ஒரு நர்ஸுக்கு ஒரே வாரத்தில் பேச்சு எப்படிச் சலிக்கும் என்று ஒரு சந்தேகம் ஓரத்தில் வந்தது. அதை எடுத்துப் பார்க்காமல் விட்டேன். எடுத்துப் பார்த்தால் அந்த வேகம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. நீங்கள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தீர்கள், பூண்டு உரித்தீர்கள், ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தீர்கள். பால்காரர் வந்தால், "இன்னா சேதி ஊர்ல?" என்று கேட்டு அவரை நிறுத்திவைத்தீர்கள். அவருக்கு அடுத்த வீடு இருந்தது. சனிக்கிழமை உங்கள் மகன் வந்தால் பேப்பரைப் படிக்கச் சொல்வீர்கள். அவர் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்த களைப்பில் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவார். "போய்ப் படுடா" என்பீர்கள். திட்டுவதுகூடக் குறைந்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு ஏழுமலை சார் ஃபோன் செய்தார். உங்களிடம் தனி ஃபோன் இல்லை, என் நம்பர்தான் அவரிடம் இருந்தது. ஒரு பார்டரில் அன்னத்தின் கழுத்து வளைவு சரியாக வராமல் நான் போராடிக்கொண்டிருந்தேன். "நர்ஸம்மா கீறாங்களாம்மா?" என்றார். நீங்கள் பின்னால் துணி துவைக்கிற கல்லருகே இருந்தீர்கள். எழுந்துபோய் ஃபோனைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும். "தூங்கறாங்க சார்" என்றேன்.

"எழுந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லும்மா. ஒரு சேதி சொல்லணும்."

"சொல்றேன் சார்."

நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அன்னத்தின் கழுத்து சரியானதும் அதே மகிழ்ச்சியில் மறந்துபோனேன்.

தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்த ஒரு நாள். மிஷின் எழும்போதே என் டிசைன் நிரலும் தானாக வந்து நின்றால் நன்றாயிருக்குமே என்று அந்த ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன். அப்டேட்டில் போய்விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த உங்கள் மூன்றும் அங்கேயே இருந்தன. எதுவும் அழியவில்லை. மூன்றின் ஸ்விட்சுகளும் அணைக்கப்பட்டிருந்தன. நெட்வொர்க், சத்தம், அது இது என்று தொட்டால் வில்லங்கம் வரக்கூடிய மற்ற எல்லாம் ஆனில் இருந்தன. அவற்றில் ஒன்றும் தப்பித் தவறிக்கூட அணைந்திருக்கவில்லை. பார்த்துப் பார்த்து அணைத்தது போல இருந்தது. நான் செய்யாறு போயிருந்த நாளில் வீட்டில் பார்க்கிற கண்தான் இல்லை.

நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அத்தை, மிஷின்ல கம்பவுண்டர நீங்களேவா நிறுத்தினீங்க?"

உங்கள் கை நின்றது. "ஏம்மா, வேற எதுனா ஒடைஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் ஒடையல."

"அப்பாடா. ஏழுமலதான் கீ எல்லாம் சொல்லிக் குடுத்திருந்தான். மெனு கீ, அப்பறம் எழுத்து, அப்பறம் கீழ எறங்கற கீ. நானு எண்ணிகினே எறங்கினேன். ஒவ்வொண்ணா கம்பவுண்டரே பேர் சொன்னான். அவன் பேரு வந்ததும் அமுக்கிட்டேன், மத்த ரெண்டையும் அப்பிடியே."

உங்கள் பேச்சை நான் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. எஃப், ஜே எழுத்துகளின் மேலிருக்கும் சின்ன மேட்டைத் தடவித் தடவி, ஆளில்லாத வீட்டில், அந்தக் குரலிடமே வழிகேட்டுக்கொண்டு போய் அந்தக் குரலை நிறுத்தியிருக்கிறீர்கள். ஸ்விட்சை அணைத்தாலும் அது அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் வேலை செய்யும். மிஷினை அணைக்கும்வரை அவன் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பான். நீங்களும் அதுவரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல அத்தை?"

"சொன்னா நீ வேணாம்பே. வேணாம்னு சொல்லிட்டு மனசுக்குள்ள அலுத்துக்குவ. அது எனக்கும் கேக்கும். எதுக்கு அதெல்லாம். நீ நாலு காசு பாக்கிற மிஷினு. நானு அதுல கத கேட்டுகினு இருந்தா நல்லாவா கீது?"

நான் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

அன்றைக்கே விசாரித்தேன். லினக்ஸில் ஒரே மிஷினில் இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கலாம். உங்கள் கணக்கில் தானாக எழுவது உங்களுடையது, என் கணக்கில் எழுவது என்னுடையது. ஒன்றை மூடிவிட்டு மற்றதில் நுழைந்தால் மிஷினுக்குச் சுமையும் இல்லை. உங்கள் கூட்டம் முடிந்ததும் நான் உட்காரலாம். அரை மணி நேர வேலை. முதல் நாளிலேயே செய்திருக்கக்கூடிய வேலை. அதைத் தேடிப்பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்திருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது உடனே செய்தேனா? ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு ஒரு கிரகப்பிரவேசம். அடுத்ததற்கு ஒரு அவசர ஆர்டர். நீங்கள் கேட்கவில்லை. மார்கழி பிறந்துதான் உட்கார்ந்தேன். ஆன் செய்தால் நேராக உங்கள் கணக்கே திறக்கும்படி வைத்தேன். வெளியே போய் வேறு வழியாக நுழைகிற சிரமம் எனக்கே இருக்கட்டும் என்று.

மறுநாள் காலை நீங்கள் குளித்து, திருநீறு இட்டு, வேலைக்குப் போகிற நாளில் போலப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் ஹெட்ஃபோனைச் செருக மறந்துபோனதால் எல்லாம் கூடத்துக்கே கேட்டது. கம்பவுண்டர் வந்தான். பேப்பர் வந்தது. பிறகு கூட்டம். "யாரு, நர்ஸம்மாவா?" என்று ஒரே நேரத்தில் பல குரல்கள். நீங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு நான் கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றேன்.

"சரோஜா எங்க? இன்னும் எழுந்துக்கலியா மகாராணி?" என்றீர்கள்.

ஏழுமலை சார்தான் சொன்னார். "அவங்க தவறிட்டாங்கம்மா. தீபாவளிக்கு முன்னாலியே. ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்களப் பத்தித்தான் கேட்டுகினு இருந்தாங்க. ஒரு தடவ நர்ஸம்மா குரலக் கேக்கணும்னாங்க. அதுக்குத்தான் அன்னிக்கி உங்களுக்குப் போன் பண்ணேன். மருமக எடுத்தாங்க. தூங்கறீங்கன்னு சொன்னாங்க. எழுந்ததும் பண்ணச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வச்சேன்."

அவர் ஃபோன் செய்ததே அந்த நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பவில்லை. நான் அங்கே நிற்பது உங்களுக்குத் தெரியும், என் கொலுசுச் சத்தம் போதும் உங்களுக்கு.

"ஆமாம்ப்பா. சொன்னா. எழுந்ததுமே சொன்னா. நாந்தான் அப்பறம் பண்ணிக்கலாம்னு இருந்து மறந்துபூட்டேன்" என்றீர்கள்.

குரல் நடுங்கவில்லை. பிறகு சரோஜாவின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தீர்கள். பெரியவனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டீர்கள். ஏழுமலை சார் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். நீங்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்தேன். "அத்தை, அந்த ஃபோன்..."

"இன்னா ஃபோன்? போய்க் கொழம்பப் பாரு. அடிபிடிக்கிற வாசன வருது."

குழம்பு அடிபிடிக்கவில்லை. அடுப்பை நான் அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கூட்டத்துக்குப் போனீர்கள். சரோஜா இல்லாத கூட்டம். சிரித்தீர்கள்தான், ஆனால் ஏழுமலை சார் உங்களை நிறுத்தச் சொல்ல வேண்டி வரவில்லை. ஆனி மாதம் உங்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் பக்கத்துப் படுக்கைக்காரியை, "மாத்திர முழுங்கினியா?" என்று அதட்டினீர்கள். இருதயம் தாங்காது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் உங்கள் அருகில் தனியாக இருந்த நேரம் நிறைய. பேசியிருக்கலாம். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தை மறுபடி என் வாயில் வந்ததை அப்போதே உணர்ந்தேன். ஆனாலும் பேசவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஏழுமலை சார் வீட்டுக்கு வந்தார். துணைக்கு ஒரு பையனும் வேண்டாம் என்று, கையில் கோலோடு தனியாகவே பஸ் ஏறி ஆரணி வந்து, ஆட்டோ பிடித்து வந்திருந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். படம் எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். உங்கள் மகன் காப்பி எடுத்துவர உள்ளே போனார்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நீங்க ஃபோன் பண்ணத நான் அத்தை கிட்ட சொல்லவேயில்ல. அவங்க அன்னிக்கித் தூங்கவும் இல்ல."

அவர் கோலின் பிடியைத் தடவினார்.

"தெரியும்மா" என்றார். "அவங்க 'சொன்னா'ன்னு சொன்ன குரல்லயே தெரிஞ்சிபோச்சி. கூட்டத்துல இருந்த எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கும். எங்களுக்குக் குரல்தானே எல்லாம். அதுக்கப்பறம் யாரும் அதப் பத்திப் பேசல. அவங்க பேச வேணாம்னு நெனச்சாங்க, நாங்களும் வுட்டுட்டோம்."

உங்கள் மகன் காப்பியோடு வந்தார். பேச்சு மழையின் பக்கம் திரும்பியது.

ஏழுமலை சார் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் அவர் இல்லை. மன்னிக்க வேண்டிய சரோஜாவும் இன்று உயிரோடு இல்லை, நீங்களும் இல்லை. உங்கள் மகனிடம் சொன்னேன். அவர், "வேணும்னேவா பண்ண, வுடு" என்றார். எல்லாரும் விடச் சொல்கிறார்கள். நான் விட்டுவிட்டால் அந்தக் காலையில் நீங்கள் சொன்ன பொய்யை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

நேற்று கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் யோசித்துப் பார்த்தேன். உப்புக்குத் திட்டினீர்கள். மடிக்காத துணிக்குத் திட்டினீர்கள். வாசல் தெளிக்க நேரமானதற்கு, கேஸ் அடுப்பைத் துடைக்காததற்கு, பல்லிக்குப் பயந்து கத்தியதற்கு, எல்லாவற்றுக்கும் திட்டினீர்கள். ஒவ்வொரு திட்டும் அன்றன்றே தீர்ந்துபோனது. மறுநாள் காலை அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. நான் செய்ததிலேயே பெரிய தவறுக்கு மட்டும் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊர் கேட்க எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, குழம்பைப் பார்க்க அனுப்பினீர்கள்.

ஒரு முறை திட்டியிருக்கலாம் அத்தை. அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நீங்கள் திட்டாமல் விட்ட அந்த ஒரு திட்டுதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மருமகள்,
கலை